மருத்துவமனை வானொலியில் விளையாட்டு வர்ணனை

மருத்துவமனை வானொலியில் விளையாட்டு வர்ணனை என்பது, பிரிட்டனில் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளுக்காக உள்ளூர் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தைச் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் நேர்முகமாக வர்ணித்து, தொலைபேசிக் கம்பி வழியே வார்டுகளுக்கு அனுப்பிவந்த சேவை. பெரும்பாலும் கால்பந்து, வடக்கு இங்கிலாந்தின் சில ஊர்களில் ரக்பி லீக்கும் உண்டு. மருத்துவமனை வானொலி என்றதும் இன்று பலருக்கு நேயர் விருப்பப் பாடல்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல ஊர்களில் முதலில் வந்தது கால்பந்து. பாட்டும் பேச்சும், ஆட்டத்துக்காக இழுத்த கம்பியில் பிறகு வந்து சேர்ந்தவை.

முதல் உலகப் போர் முடிந்த சூட்டோடு ஹெட்போன் மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. 1919-இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்கள் படுத்தபடியே வானொலி கேட்டார்கள். பிரிட்டனில் அறியப்பட்ட முதல் மருத்துவமனை ஒலிபரப்பு அமைப்பு யார்க் நகரத்தினுடையது. 1925-இல் யார்க் கவுண்டி மருத்துவமனையில் தாமஸ் ஹான்ஸ்டாக் என்பவர் நிறுவிய அந்த அமைப்பில் 200 ஹெட்போன்களும் 70 ஒலிபெருக்கிகளும் இருந்தன. தேவாலய வழிபாடும் விளையாட்டு வர்ணனையும் நோயாளியின் படுக்கைக்கே வர அதில் வழி செய்யப்பட்டிருந்தது. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். பி.பி.சி. தன் முதல் கால்பந்து வர்ணனையை ஒலிபரப்ப அப்போது இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

பி.பி.சி. களத்தில் இறங்கியது 1927 ஜனவரியில். 15-ஆம் தேதி டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய ரக்பி ஆட்டம். ஒரு வாரம் கழித்து, 22-ஆம் தேதி, ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் ஆடிய கால்பந்து ஆட்டம். இரண்டுக்கும் குரல் கொடுத்தவர் முன்னாள் ரக்பி வீரர் டெடி வேக்லம். ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ் மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து வரைபடம் அச்சிட்டிருந்தது. வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொரு குரல் எண்ணைச் சொல்லும். கண்ணால் பார்க்க முடியாத ஒருவருக்கு ஆட்டத்தை எப்படிச் சொல்வது என்பதை வேக்லம் பழகிக்கொள்ளத் தயாரிப்பாளர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். போரில் பார்வையிழந்தவர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்திலிருந்து ரக்பி ரசிகர் ஒருவரை அழைத்துவந்து வர்ணனைக் கூண்டின் ஜன்னலுக்கு முன்னே உட்காரவைத்தார். அவருக்குச் சொல்வதுபோலச் சொல்லும்படி வேக்லமிடம் கூறினார். பிரிட்டனின் விளையாட்டு வர்ணனை, தொடக்கத்திலேயே, மைதானத்தைப் பார்க்க வழியில்லாத ஒரு மனிதரை மனத்தில் வைத்துப் பழகிய கலை. மருத்துவமனை வர்ணனையாளர்கள் பின்னாளில் செய்ததும் இதைத்தான்.

ஆனால் கால்பந்துச் சங்கங்களுக்கு வானொலி பிடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்க முடிந்தால் மழையில் நனைந்துகொண்டு டிக்கெட் வாங்கி யார் வருவார்கள் என்ற பயம். 1931-இல் ஃபுட்பால் லீக் தன் ஆட்டங்களின் நேரடி ஒலிபரப்புக்குத் தடை போட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வர்ணனை மெல்லத் திரும்பியபோதும் கட்டுப்பாடுகள் இருந்தன. லீக் ஆட்டத்தில் இரண்டாம் பாதியை மட்டும்தான் ஒலிபரப்பலாம். எந்த ஆட்டம் என்பதையும் முன்கூட்டி வெளியே சொல்லக் கூடாது. தன் ஊர் அணியின் ஆட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை வானொலியில் கேட்பது சாதாரண ரசிகருக்குக் கிட்டாத பாக்கியமாகவே நெடுங்காலம் இருந்தது. அந்தப் பாக்கியம் முதலில் கிடைத்தது நோயாளிகளுக்கு.

இதைப் புரிந்துகொள்ளப் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் இரண்டு காட்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று மைதானம். 1948-49 பருவத்தில் ஃபுட்பால் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன; அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் தொழிற்சாலை வாசலிலிருந்து கூட்டம் நேரே மைதானத்துக்கு நடக்கும். மற்றொன்று வார்டு. தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-இல் தொடங்கியது. சிகிச்சை இலவசமானது, ஆனால் சிகிச்சைக்காகப் படுத்திருக்கும் காலம் குறையவில்லை. மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எலும்பு முறிந்தவர் காலைக் கட்டித் தொங்கவிட்டபடி மாதங்களைக் கழிப்பார். காசநோயாளிகளின் கதை இன்னும் நீளம். போலியோ கண்டவர்களில் சிலர் ‘இரும்பு நுரையீரல்’ எனப்படும் சுவாச இயந்திரத்துக்குள் இருந்தார்கள். உறவினர் வந்து பார்க்கும் நேரமோ மிகக் குறைவு. குழந்தைகள் வார்டில்கூடப் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று அரசுக் குழுவொன்று பரிந்துரைக்க 1959 ஆனது. இப்படிப் படுத்திருந்தவர்களில் எத்தனையோ பேர், உடம்பு சரியாக இருந்திருந்தால், சனிக்கிழமை மூன்று மணிக்கு மைதானத்தில் நின்றிருப்பவர்கள்.

இந்த இரண்டு இடங்களையும் ஒரு கம்பியால் இணைக்கலாம் என்ற எண்ணம் 1950களின் தொடக்கத்தில் பல ஊர்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. நியூகாசிலில் அது 1951. அந்த ஏப்ரலில் நியூகாசில் யுனைடெட், ஜாக்கி மில்பர்ன் அடித்த இரண்டு கோல்களால் பிளாக்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியிருந்தது, ஊரே கால்பந்துப் பித்தில் இருந்தது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்திலிருந்து நகரின் மருத்துவமனைகளுக்கு வர்ணனை போனது. பிற்பாடு ரேடியோ டைன்சைடு என்று பெயர்பெற்ற நிலையத்தின் பிறப்பு அதுதான். அதே 1951-இல் தென்கோடித் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத்தில் ஃப்ராட்டன் பார்க் மைதானத்திலிருந்து வர்ணனை தொடங்கியது. போர்ட்ஸ்மத் அணி 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து லீக் சாம்பியன். அதன் பரம எதிரியான சவுத்தாம்ப்டனும் பின்தங்கவில்லை. டெல் மைதானத்தின் ஆட்டங்கள் சில காலத்துக்குள் அந்நகர மருத்துவமனைகளில் கேட்டன. ரெடிங் நகரில் எல்ம் பார்க் மைதானத்திலிருந்து அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கம்பி இழுக்கப்பட்டது. அணி உச்சத்தில் இருந்த ஊர்களில் இந்த எண்ணம் சீக்கிரம் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

முன்நின்று செய்தவர்கள் வானொலிக்காரர்கள் அல்லர். ரோட்டரி சங்கத்தினர், ரவுண்ட் டேபிள் சங்கத்தினர், டாக் எச் இயக்கத்தினர், ஊர்க்காரர்கள். இவர்களுள் டாக் எச் இயக்கத்தின் பின்னணி தனித்துச் சொல்லத்தக்கது. 1915-இல் பெல்ஜியத்தின் பொப்பரிங்கே ஊரில், போர்முனைக்குப் போகும், அங்கிருந்து திரும்பும் வீரர்கள் இளைப்பாறுவதற்காக ‘டப்பி’ கிளேட்டன் என்ற ராணுவப் பாதிரியார் நடத்திய டால்பட் இல்லத்திலிருந்து வளர்ந்த இயக்கம் அது. போர் முடிந்த பிறகு அதன் கிளைகள் ஊர்தோறும் சிறு சிறு தொண்டுகளைச் செய்துவந்தன. மருத்துவமனைக்கு ஆட்டத்தைக் கொண்டுசேர்ப்பது அந்த வரிசையில் இயல்பாகப் பொருந்தியது.

லீக்கும் கிளப்புகளும் எப்படி ஒப்புக்கொண்டன? இங்கேதான் இந்த வரலாற்றின் மையம் இருக்கிறது. அவர்களது தடைக்கு ஒரே காரணம் டிக்கெட் வசூல். மருத்துவமனைக் கம்பியோ மூடிய கம்பி. மைதானத்தில் தொடங்கி வார்டில் முடிந்துவிடும், காற்றில் பரவாது, வெளியே யாரும் கேட்க முடியாது. கேட்பவர் கட்டிலில் கிடக்கிறார். அவரால் டிக்கெட் வாங்கவே முடியாது. ஆகவே கிளப்புக்கு ஒரு பைசா நட்டமில்லை. பி.பி.சி.க்கு மறுக்கப்பட்ட முழு ஆட்டமும் உள்ளூர்த் தொண்டர்களுக்குக் கிடைத்தது அவர்களின் செல்வாக்கால் அல்ல. அவர்களது நேயர்கள் எழுந்து வர முடியாதவர்களாக இருந்ததால்.

கம்பி தபால் துறையினுடையது. அக்காலத்தில் தொலைபேசியும் அத்துறையின் கையில்தான் இருந்தது. மைதானத்திலிருந்து மருத்துவமனைக்குத் தனி இணைப்பு ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். மருத்துவமனையின் உள்ளே ஏற்கெனவே ஒவ்வொரு கட்டிலுக்கும் போயிருந்த ஹெட்போன் கம்பிகளோடு அதைச் சேர்க்க வேண்டும். அந்த வாடகைதான் பெரிய செலவு. உண்டியல் குலுக்கியும் பழம்பொருள் விற்பனை நடத்தியும் ஆண்டுக்கு ஆண்டு தொண்டர்கள் அதைக் கட்டினார்கள். வெளியூர் ஆட்டங்களுக்குக் கம்பி எடுப்பது கட்டுப்படியாகாது. எனவே பெரும்பாலும் சொந்த மைதான ஆட்டங்கள் மட்டுமே. பிரிஸ்டல், நாட்டிங்ஹாம், ஷெஃபீல்ட், லிவர்பூல் போல இரண்டு அணிகள் உள்ள நகரங்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஒரே நாளில் இரண்டு அணிகளும் உள்ளூரில் ஆடாதபடிதான் லீக் அட்டவணை போடும்; ஒரு சனிக்கிழமை இந்த மைதானம், மறு சனிக்கிழமை அந்த மைதானம். அந்த நகரங்களில் நோயாளிகளுக்கு அனேகமாக எல்லா வாரமும் ஆட்டம் வைக்க முடியும்.

வர்ணனையாளர்கள் இருவராகப் போவது வழக்கம். ஒருவர் பேசி ஓய்ந்தால் மற்றவர் தொடர்வார். நாற்பத்தைந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவது தொழில்முறைக் குரல்களுக்கே கடினம்; வாரமெல்லாம் வகுப்பிலோ வங்கியிலோ பட்டறையிலோ வேலை பார்த்தவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. உட்கார இடம் பத்திரிகையாளர் பகுதியின் ஒரு மூலையில் கிடைக்கலாம். இல்லையென்றால் கூரையை ஒட்டிய மரப்பலகை மேடை. வாயோடு ஒட்டிவைத்துப் பேசும் மைக் கைக்குக் கிடைத்தால் யோகம். அது சுற்றியிருக்கும் இரைச்சலைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் எடுக்கும். ஆனால் இரைச்சல் முழுவதும் போய்விடவும் கூடாது. கோல் விழும்போது எழும் ஆரவாரம் வார்டுக்குப் போய்ச் சேராவிட்டால் வர்ணனைக்கு உயிரில்லை.

இந்தக் கேட்பவர்களுக்குச் சொல்வதில் தனி நுணுக்கம் இருந்தது. வீட்டில் கேட்பவர் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருப்பார். வார்டில் அப்படி இல்லை. நடுவில் நர்ஸ் வெப்பமானியோடு வருவார், மருத்துவர் வருவார், தேநீர் வரும், கட்டுப் பிரிக்க ஹெட்போனைக் கழற்ற வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் விட்டுப் பிடிப்பவருக்கு ஸ்கோர் உடனே தெரிய வேண்டும். ஆகவே அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எந்த அணி எந்தப் பக்கம் நோக்கி ஆடுகிறது என்பதையும் அப்படியே. கேட்பவருக்கு மைதானம் மனப்பாடம் என்பது வர்ணனையாளருக்குக் கிடைத்த பெரிய வசதி. ‘ரயில் பாதைப் பக்கம் பந்து போகிறது’ என்றால் போதும். பல ஆண்டுகள் அங்கே நின்று பார்த்தவருக்கு இடம் கண்ணில் வந்துவிடும். நாடு முழுவதற்கும் பேசும் பி.பி.சி.யால் அப்படிப் பேச முடியாது. நடுநிலைமையும் அவ்வளவாக எதிர்பார்க்கப்படவில்லை. சொந்த அணி தோற்றால் வர்ணனையாளரின் குரல் வாடத்தான் செய்யும். கேட்பவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

1960களில் நிலைமை விரிந்தது. டேப் ரெக்கார்டரும் இசைத்தட்டும் மலிவாயின. சனிக்கிழமை மட்டும் பயன்படும் கம்பி, மற்ற நாட்களில் சும்மா கிடப்பானேன் என்று தொண்டர்கள் நினைத்தார்கள். மருத்துவமனையின் பழைய கிடங்கறையிலோ நிலவறையிலோ சிறு ஸ்டூடியோக்கள் எழுந்தன. தொண்டர்கள் மாலையில் கட்டில் கட்டிலாகப் போய் விருப்பப் பாடல் கேட்டு எழுதிவந்தார்கள். 1970-இல் நிலையங்கள் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தன. அது 1992-இல் மருத்துவமனை ஒலிபரப்புச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. ஆட்டத்துக்காகப் பிறந்த நிலையங்களில் ஆட்டம் ஒரு பகுதியாகச் சுருங்கியது இந்தக் காலத்தில்தான். பல நிலையங்களில் விளையாட்டுப் பிரிவு தனியாக இயங்கியது. மைதானத்துக்குப் போகிறவர்கள் ஸ்டூடியோவுக்கு வருவது அரிது.

போட்டியும் வந்தது. 1967 நவம்பரில் லெஸ்டரில் பி.பி.சி.யின் முதல் உள்ளூர் வானொலி தொடங்கியது. 1973 முதல் தனியார் உள்ளூர் நிலையங்களும் வந்தன. கையடக்க டிரான்சிஸ்டர் தலையணைக்கு அடியில் குடியேறியது. ஆனாலும் லீக்கின் கட்டுப்பாடுகள் முழு ஆட்ட வர்ணனையை எளிதில் விடவில்லை. 1980கள்வரை சனிக்கிழமைகளில் தேசிய வானொலியில் இரண்டாம் பாதி மட்டுமே ஒலித்தது. உள்ளூர் அணியின் முதல் பாதி வேண்டுமென்றால் மருத்துவமனை ஹெட்போன்தான் கதி.

மருத்துவமனை வர்ணனையின் இன்னொரு பயன், அது தொழிலுக்குக் குரல்களைத் தயாரித்துக் கொடுத்தது. டெரெக் ரே அதற்கு நல்ல சான்று. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பள்ளி மாணவனாக இருந்தபோதே மருத்துவமனை வானொலிக்காக அபர்டீன் அணியின் ஆட்டங்களை வர்ணித்தவர். அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்றுவித்த அந்த அணி, 1983 மே 11-இல் கோதன்பர்க்கில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையைப் பெற்ற காலம் அது. ரே இருபது வயதை எட்டும் முன்னரே பி.பி.சி. ஸ்காட்லாந்தில் பேசினார், பிறகு அமெரிக்காவின் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சிக்குப் போனார், ஃபிஃபா கணினி விளையாட்டில் உலகெங்கும் இளைஞர்கள் கேட்ட குரலும் அவருடையதே.

ஜாக்கி ஓட்லியின் பாதை வேறு. முழங்கால் காயத்தால் கால்பந்து ஆட முடியாமல் போனவர், அலுவலக வேலையில் இருந்தார். வேலைக்குப் பிறகு மாலை வகுப்புகளுக்குப் போய், மருத்துவமனை வானொலியில் பழகி, பின்னர் இதழியல் முறையாகப் படித்து, பி.பி.சி. உள்ளூர் வானொலியில் நுழைந்தார். 2007 ஏப்ரல் 21-இல் ஃபுல்ஹாம், பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஆட்டத்தை வர்ணித்து, பி.பி.சி.யின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியில் குரல் கொடுத்த முதல் பெண் வர்ணனையாளரானார். அந்த ஆட்டத்துக்கு முன்பே நாளிதழ்கள் பெண் வர்ணிக்கலாமா என்று விவாதம் நடத்தின. கால்பந்துத் துறையில் பெயர்பெற்ற ஆண்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அத்தகைய காலத்தில் தொழில்முறை ஒலிபரப்பின் வாசலை எட்டுவதற்கு முன்பே மைக்கைப் பிடித்துப் பழக ஓர் இடம் இருந்தது என்பது சிறிய விஷயம் அல்ல.

1990களுக்குப் பிறகு சேவை தேயத் தொடங்கியது. பிரீமியர் லீக் 1992-இல் பிறந்தது. ஒலிபரப்பு உரிமை பெரும்பணம் புரளும் வணிகமானது. பத்திரிகையாளர் பகுதியில் உலகெங்கிலுமிருந்து வந்தவர்களுக்கே இடம் போதவில்லை. மருத்துவமும் மாறியது. வாரக்கணக்கில் படுத்திருந்த நோயாளி இப்போது இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறார். பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஒரே நாள். வர்ணனைக்குப் பழகிய நேயர் கூட்டம் உருவாக அவகாசமே இல்லை. 2000-ஆம் ஆண்டின் சுகாதாரத் திட்டம், பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு கட்டிலருகிலும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் 2004-க்குள் வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. தனியார் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தக் கருவிகளைப் பொருத்தின. பழைய ஹெட்போன் கம்பிகள் பல இடங்களில் அகற்றப்பட்டன. நிலையங்கள் புதிய கருவிக்குள் ஓர் அலைவரிசையாக இடம் கேட்க வேண்டியிருந்தது. பிறகு கைபேசி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் தொண்டர்கள் மருத்துவமனைக்குள் வருவது நின்றது. பலர் வீட்டிலிருந்தே நிகழ்ச்சி நடத்தினார்கள், ஆனால் ஆட்டங்கள் ரசிகர்களின்றி நடந்த மாதங்களில் மைதான வர்ணனைக்குப் பெரும்பாலும் வழி இருக்கவில்லை.

ஆனால் அதே வர்ணனை இன்னொரு திசையில் வேர் விட்டிருந்தது. மருத்துவமனைக்குப் போகும் ஒலியை மைதானத்துக்குள்ளேயே பார்வையற்ற ரசிகர்களுக்கு ஹெட்போனில் கொடுக்கும் பழக்கம் பல கிளப்புகளில் ஏற்பட்டது. கூட்டத்தின் நடுவே, தன் அணி ஆட்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அந்த நொடியே ஆட்டத்தைப் பின்தொடர அது உதவியது. பொது வானொலி வர்ணனையாளர் பந்து நடுக்களத்தில் மந்தமாக உருளும்போது பழங்கதை பேசப் போய்விடுவார்; பார்வையற்றவருக்கு அது உதவாது. பந்து எங்கே, யாரிடம், எந்தப் பக்கம் என்பதை விடாமல் சொல்லும் மருத்துவமனைப் பாணி அவருக்குப் பொருந்தியது. வீரர்களின் உடை நிறம், நடுவரின் சைகை, பயிற்சியாளரின் முகபாவம் ஆகியவற்றையும் சேர்த்து, இது காட்சி விளக்க வர்ணனை என்ற தனிப் பயிற்சியாக வளர்ந்தது. 2009-இல் தொடங்கிய ஐரோப்பியக் கால்பந்து அணுகல் மையம், 2012-இல் போலந்திலும் உக்ரைனிலும் நடந்த யூரோ போட்டிகளுக்கு உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்து அந்த நாட்டு மொழிகளிலேயே வர்ணிக்க வைத்தது. 2014-இல் பிரேசில் உலகக் கோப்பையின்போது சில மைதானங்களில் போர்த்துகீசிய மொழியில் இந்தச் சேவை கிடைத்தது.